கத்தி வியாபாரமும் கணக்கில் வராத நெருப்பும்

"காக்கா, இது கத்தியா, கண்ணாடியா?"

கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியை மேசையில் வைத்துவிட்டு அந்த மனிதர் இப்படித்தான் கேட்டார். பிரித்துப் பார்த்தேன். நான் விற்ற மன்னாக் கத்தி. வாய்ப் பக்கத்தில் பெருவிரல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது. அவருடைய வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. சேனை துப்புரவாக்கப் போனவர் காய்ந்த பாலைக் கொப்பொன்றை வெட்டியிருக்கிறார். மூன்றாவது வெட்டில் துண்டு தெறித்திருக்கிறது.

"ஒரு விரல் மேல பட்டிருந்தா ஒத்தக் கண்ணோடதான் உங்களுக்கு முன்னால நின்டிருப்பன்" என்றார்.

வேறு கத்தி ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, "உங்கட வாப்பாட காலத்தில இருந்து இந்தக் கடைக்கு வாறவன் நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இது நடந்தது 2022 ஒக்டோபரில், மாரி மழைக்கு முன்னால். அதன் பின்னர் நான் தெரிந்துகொண்ட சில விடயங்களை எமது வியாபாரிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பல நாட்களாக நினைத்திருந்தேன். கத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் உற்பத்தியாளரிடம் விலை குறைத்து வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கின்ற எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

எமது கடை கிழக்குக் கரையோர நகரம் ஒன்றில் உள்ள இரும்புச் சாமான் கடை. வாப்பா தொடங்கியது. மண்வெட்டி, கோடரி, தாக்கத்தி, ஆணி, கம்பி இவைதான் ஆரம்ப காலச் சரக்கு. பெரிய கத்திகளை நாங்கள் எப்போதும் உள்ளூர் ஆசாரி ஒருவரிடம்தான் எடுப்போம். காடு வெட்டும் மன்னாக் கத்தி, முள் இழுத்து வெட்டும் வளைந்த வாய்க் கத்தி, இறைச்சிக் கடைக்காரர் எலும்பு வெட்டும் பாரக் கத்தி என்று மாதத்துக்கு நாற்பது அளவில் வரும். வருடக்கணக்காக ஒரு முறைப்பாடும் கிடையாது.

2022இல் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சமையல் எரிவாயு இல்லை. பட்டணத்துக்காரரும் விறகுக்குத் திரும்பினார்கள். விறகு வெட்டக் கத்தியும் கோடரியும் தேடி சனம் வந்தது. மறுபுறம், டொலர் இல்லாததால் வெளிநாட்டுக் கத்திகள் வருவது நின்றுவிட்டது. கொழும்பில் கேட்டால் "ஸ்டொக் இல்லை" என்ற ஒரே பதில்தான். இதை ஒரு வாய்ப்பாக நான் கண்டேன். ஆசாரியாரிடம் போய், ஆறு கிழமைக்குள் இருநூறு கத்தி வேண்டும் என்றேன். வழக்கமாக ஒரு கத்திக்கு 1,400 ரூபா கொடுப்பேன். மொத்தமாக எடுப்பதால் 1,200 ரூபாவுக்குத் தர வேண்டும் என்று பேசினேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதலாளி, அடிக்கிறது பெரிய வேலையில்ல. தோய்ச்சலும் பதமும்தான் வேலை. அதுக்கு நாள் வேணும், கரி வேணும்" என்றார்.

"சனம் பாக்கிறது மினுக்கத்தத்தான். மினுக்கமா இருந்தாப் போதும்" என்றேன் நான். வியாபாரத்தில் நான் பேசிய வார்த்தைகளில் இதைவிட மோசமான ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

கத்தி பெயர்ந்து வந்த அன்று பின்னேரமே அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு கம்மாலைக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆசாரியார் உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சீனியை ஒட்டவைத்தது போல மணி மணியாக மினுங்கியது. பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய கத்தித் துண்டை எடுத்து, வைஸில் கடித்துச் சம்மட்டியால் அடித்து உடைத்துக் காட்டினார். அதன் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி போல மிருதுவாக இருந்தது.

"இது ஆறுதலாச் செஞ்சது. அது அவசரத்தில செஞ்சது. ரெண்டும் என்ட கைதான்" என்றார். என்னுடைய சண்டை அதோடு முடிந்தது. அதன் பின் இரண்டு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அந்தக் கம்மாலையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடமாக நான் விற்ற பொருள் எப்படி உருவாகிறது என்பதை அப்போதுதான் முழுமையாகக் கண்டேன். அதன்பின் பல இடங்களில் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் சேர்த்து, ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவில் இங்கு தருகிறேன்.

முதலில் இரும்பு. எமது பெரிய கத்திகள் அநேகமாக லொறி, பஸ், பிக்கப் வாகனங்களின் பழைய ஸ்பிரிங் பட்டைகளில் இருந்துதான் செய்யப்படுகின்றன. இது குறைவான பொருள் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஜப்பானிய வாகனங்களில் பாவிக்கப்படும் ஸ்பிரிங் உருக்கு வகைகளில் ஒன்று எஸ்.யு.பி. 9 என்பது. அதில் காபன் 0.52 முதல் 0.60 வீதம் வரை உண்டு. மங்கனீசும் குரோமியமும் ஒரு வீதத்துக்குக் குறைவான அளவில் சேர்ந்திருக்கும். அமெரிக்கர்கள் 5160 என்று அழைக்கும் உருக்கும் ஏறத்தாழ இதே இனம்தான். அங்கும் பெரிய கத்தி செய்பவர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள். காரணம், அடியைத் தாங்கும். வளைந்தாலும் திரும்பி வரும். எண்ணெயில் தோய்த்தாலே நன்றாக இறுகும். கட்டடக் கம்பியில் உள்ளதுபோன்ற மெல்லிரும்பில் காபன் மிகக் குறைவு. அதை எவ்வளவு சூடாக்கித் தோய்த்தாலும் கத்திக்குரிய இறுக்கம் வராது.

பழைய பட்டையில் ஒரு ஆபத்து உண்டு. வருடக்கணக்காகப் பாரம் சுமந்து வளைந்ததால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். கெட்டிக்கார ஆசாரி பட்டையைத் தேய்த்துத் துடைத்து, தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்த பிறகுதான் வெட்டுவார். சந்தேகமான துண்டை ஒதுக்கிவிடுவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய பட்டைகளையே திருப்பி வளைத்துப் பாவித்தார்கள். கம்மாலைக்கு வருகின்ற பட்டை குறைந்தது, விலை கூடியது. ஒதுக்க வேண்டிய துண்டை ஒதுக்குவதும் அவருக்குக் கஷ்டமாகிப் போனது. இதுவும் நான் விலை பேசும்போது யோசிக்காத ஒரு விடயம்.

அடுத்தது அடித்து உருவாக்குவது. சிரட்டைக் கரி உலையில் பட்டையைக் காய்ச்சி, முதுகுப் பக்கம் ஐந்து ஆறு மில்லிமீற்றர் தடிப்பு வரும்படி அடிக்கிறார்கள். பிடியில் இருந்து நுனிக்குப் போகப் போகத் தடிப்பு குறைய வேண்டும். இல்லாவிட்டால் கத்தி கையை இழுக்கும். அரை நாளில் தோள் விட்டுவிடும். அடித்து முடிந்ததும் உடனே தோய்ப்பதில்லை. சிவக்கக் காய்ச்சி, காற்றில் தானாக ஆற விடவேண்டும். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால் அடி வாங்கிக் குழம்பியிருந்த இரும்பின் மணி சீராகிச் சிறுக்கும். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். ஆனால் பட்டு போன்ற அந்தச் சாம்பல் முகத்துக்கு அத்திவாரம் இங்கேதான் போடப்படுகிறது.

பிறகு கல்லுப் பிடிப்பது. இதில் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. தோய்ச்சலுக்கு முன்னர் வாயைக் கூராக்கக் கூடாது. ஒரு மில்லிமீற்றர் முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை தடிப்பை மிச்சம் விட வேண்டும். தாள் போல மெல்லிசாக்கிவிட்டு நெருப்பில் போட்டால் வாய் அளவுக்கு மீறிச் சூடாகும், காபன் எரிந்து போகும், எண்ணெயில் போட்டதும் வளையும் அல்லது வெடிக்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடத் தேய்ந்திருந்தால் தோய்ச்சலில் கத்தி கோணிப் போகும். குறுக்கே ஆழமான கல்லுக் கீறல்களும் இருக்கக் கூடாது. வெடிப்பு தொடங்குவது அப்படியான கீறலில்தான். ஆசாரியாரின் மகன் கிரைண்டருக்குப் பிறகு அரம் எடுத்து நீளவாக்கில் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் அதை மினுக்க வேலை என்று நினைத்திருந்தேன். அது பாதுகாப்பு வேலை.

இனித்தான் தோய்ச்சல். கம்மாலை ஏன் இருட்டாக இருக்கிறது என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. ஜன்னல் வைக்க வசதியில்லை என்றே நினைத்தேன். சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளப்பதற்காகத்தான் அந்த இருட்டு. வெயிலில் பார்த்தால் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும், கை பிழைத்துவிடும். காந்தத்தை வைத்தும் பார்ப்பார்கள். இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் சூட்டில் காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். ஸ்பிரிங் உருக்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, 830 முதல் 860 வரை போக வேண்டும். அந்தச் சூடு அலகு முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். அதற்கும் மேலே போனால் இரும்பின் மணி பெருக்கத் தொடங்கும். உடைந்த முகத்தில் நான் கண்ட சீனி அதுதான். அவசரத்தில் துருத்தியைக் கூட ஊதியதன் அடையாளம்.

சூடான கத்தியை எண்ணெயில் இறக்குகிறார்கள். எண்ணெயும் பச்சைக் குளிராக இருக்கக் கூடாது. கை பொறுக்காத அளவு இளஞ்சூடாக, ஐம்பது அறுபது பாகையில் இருந்தால் நல்லது. தண்ணீரில் போட்டால் இந்த இன உருக்கு வெடிக்கும் சாத்தியம் அதிகம். "டிக்" என்று ஒரு சிறு சத்தம் கேட்டால் அந்தக் கத்தியின் கதை முடிந்தது என்றார் ஆசாரியார். எண்ணெயில் இருந்து எடுத்ததும் அரத்தால் வாயை உரசிப் பார்த்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. இறுகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த நிலையில் கத்தியைப் பார்த்தால் எல்லாம் முடிந்தது போலத் தெரியும். கூராக்கினால் மயிரைச் சிரைக்கும். கடையில் வைத்தால் எந்த வாடிக்கையாளராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கண்ணாடி. கீழே விழுந்தாலே உடையக்கூடும். அதனால்தான் உடனேயே மீண்டும் மெல்லிய சூட்டில் வைத்து அந்த விறைப்பை இறக்குகிறார்கள். இதைத்தான் பதம் என்கிறோம். 200 முதல் 230 பாகைச் சூட்டில், ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலமாக, இரண்டு தடவை. மினுக்கிய இரும்பில் அந்தச் சூட்டை நிறமாகவே காணலாம். முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு மண்ணிறம், பிறகு ஊதா, 300 பாகை அளவில் நீலம். வெட்டுக் கத்தியின் வாய் வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டும். முதுகு நீலத்துக்குப் போகலாம். அப்போது வாய் கூரை வைத்திருக்கும், முதுகு அடியைத் தாங்கும். பழைய ஆசாரிமார் வாயை மட்டும் தோய்த்து எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு தானாக வாய்க்கு இறங்கி வரும்போது நிறத்தைப் பார்த்து நிறுத்துவார்கள். சாமான்யக் கலையல்ல அது.

எனது இருநூறு கத்தியில் தவறவிடப்பட்டது இந்தப் பதம்தான். ஆசாரியார் மறைக்கவில்லை. "ஒரு கத்திக்குப் பதம் போட, கரியும் கூலியும் சேத்து 150 ரூபா போகும் முதலாளி. நீங்க குறைச்சது 200. அரைவாசிக் கத்திக்குத்தான் ஒழுங்காப் போட்டன். மத்தது சும்மா நெருப்புக் காட்டினதுதான்" என்றார்.

நான் வெட்கப்பட்டேன். ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை வேறொரு முறைப்பாடு வந்தது. இம்முறை கத்தி உடையவில்லை. வாய் தகரம் போல மடிந்திருந்தது. இதுவும் ஆசாரியின் குற்றம்தான் என்று எண்ணிக்கொண்டு எடுத்துப் போனேன். அவர் வாயோரத்தைச் சரித்துப் பிடித்துக் காட்டினார். இரண்டு மூன்று இடத்தில் மங்கலான நீலப் பூச்சு.

"இது என்ட வேலையில்ல. கடையில கல்லுப் பிடிச்சதா?" என்று கேட்டார்.

எமது கடையில்தான் பிடித்திருந்தார்கள். விற்பதற்கு முன்னர் கூராக்கிக் கொடுத்தால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்பதற்காக மேசைக் கிரைண்டர் ஒன்று வைத்திருக்கிறோம். வேலைக்கார தம்பி மினுக்கம் வரும் வரை அமுக்கிப் பிடிப்பான். தீப்பொறி பறக்கும், பார்ப்பவருக்கும் திருப்தி. ஆனால் மெல்லிய வாய் ஒரு சில விநாடியில் 300 பாகையைத் தாண்டிவிடுகிறது. நீலம் தெரிந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். ஆசாரி ஒரு நாள் முழுக்க நெருப்போடு இருந்து கொடுத்த பலத்தை எமது கிரைண்டர் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துவிடுகிறது. நீலத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் அடையாளம் மறையுமே தவிர, பதம் திரும்பி வராது. கெட்ட பகுதி முழுவதையும் மெதுவாகத் தேய்த்து நீக்கிவிட்டுப் புது வாய் எடுப்பதுதான் வழி.

இப்போது எமது கடையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கிறது. வெறுங்கையால் பிடிக்க வேண்டும், கை சுட்டால் உடனே நனைக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, கடைசிக் கூரைத் தண்ணீர் விட்டுக் கல்லில்தான் போட வேண்டும். இதுதான் சட்டம். காடு வெட்டும் கத்திக்குச் சவர அலகு போன்ற வாய் தேவையில்லை. பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து பாகைச் சரிவில், நெல்மணியின் வயிறு போல மெல்லிய வளைவோடு வாய் இருந்தால் கொப்பில் இறங்கும், இறுகிக்கொள்ளாது, சீக்கிரம் பெயராது.

இனி வியாபாரிக்கு விளங்கும் பாஷையில் கணக்குப் பார்ப்போம். இருநூறு கத்தியில் 200 ரூபா வீதம் நான் மிச்சம் பிடித்தது 40,000 ரூபா. திரும்பி வந்தவை முப்பத்தொன்று. 2,000 ரூபா வீதம் திருப்பிக் கொடுத்தது 62,000 ரூபா. மிச்சம் பிடித்ததும் போய், மேலும் 22,000 ரூபா கையை விட்டுப் போனது. பதத்துக்கு உரிய 150 ரூபாவைக் கொடுத்திருந்தால் மொத்தச் செலவு 30,000 ரூபாதான். இது திரும்பி வந்த கத்திகளின் கணக்கு மட்டுமே. ஒன்றும் சொல்லாமல் கத்தியை எறிந்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கன்னத்தில் தழும்போடு நடக்கும் அந்த மனிதரின் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் வெளிநாட்டுக் கத்தியை விற்றுவிட்டுப் போகலாமே" என்று சிலர் கேட்பார்கள். அதையும் நான் விற்கிறேன். எல்லாம் குறை என்று சொல்ல மாட்டேன். பிரேசில் போன்ற நாடுகளில் ஏறத்தாழ 0.7 வீதம் காபன் உள்ள உருக்கில், இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் செய்யும் நீண்ட கத்திகள் புல்லுக்கும் இளங்கொடிக்கும் அருமையானவை. ஆனால் பாலைக் கட்டைக்கு அவை செய்யப்படவில்லை. இன்னொரு வகை இருக்கிறது. கண்ணாடி போலப் பளபளக்கும், முதுகில் பல் வெட்டியிருக்கும், உறையில் திசையறி கருவிகூட இருக்கும். துருப்பிடிக்காத மலிவு உருக்கு. இவற்றில் பல, பெட்டிக்குள் இருக்கும்போதுதான் கத்தி. வேலையைக் கேட்டு அதற்கேற்ற கத்தியைக் கொடுப்பதுதான் எமது தொழில். அதற்கு எமக்கு முதலில் கத்தியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

எமது நாட்டு இரும்பைக் குறைவாக எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். சமனலவெவ பிரதேசத்து மலைச் சரிவுகளில், பருவக் காற்றின் வேகத்தையே துருத்தியாகப் பாவித்து இரும்பு உருக்கிய பழங்கால உலைகளைத் தொல்லியல் ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்து, 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் உலகுக்கு அறிவித்தார். அவை ஆயிரம் வருடத்துக்கும் முற்பட்டவை. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்கும் பேசப்படுகிறது. அந்தப் பெயருக்குரிய நாட்டில் இருந்துகொண்டு, ஆசாரியின் 150 ரூபாவை வெட்டுவதைத் திறமையான வியாபாரம் என்று நான் எண்ணியிருந்தேன்.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் நாடெங்கும் சோதனைகள் நடந்தன. மே மாத ஆரம்பத்தில் வாள், கத்தி போன்றவற்றைப் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கும்படி அறிவிக்கப்பட்டது. அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு என்று சொல்லப்பட்டபோதிலும், எமது சமூகத்தவர் தேங்காய் வெட்டும் கத்தியைக்கூட வீட்டில் வைக்கப் பயந்தார்கள். மாதக்கணக்கில் எமது கடையில் ஒரு மன்னாக் கத்திகூட விற்கவில்லை. இருந்தவற்றைச் சாக்கில் கட்டிப் பின்னறையில் போட்டிருந்தோம். ஆசாரியாரின் வீட்டு அடுப்பையும் அது பாதித்தது.

அந்த அனுபவம் எனக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. பெரிய கத்தி விற்பவர், அது வேலைக்கான சாமான் என்பதை ஒவ்வொரு வகையிலும் துலக்கமாக வைத்திருக்க வேண்டும். ஒரு பக்க வாய், வேலைக்கேற்ற பாரம், வியர்வையில் வழுக்காத மரப்பிடி, இவை போதும். இரு பக்கமும் கூராக்கிய கத்தி, வாள் போன்ற அலங்காரக் கத்தி என்று இளைஞர்கள் கேட்டு வருவார்கள். இலாபம் அதில்தான் கூட. நான் விற்பதில்லை. வாங்குபவரின் வேலையைக் கேட்டு, பில் எழுதி, பிரதியையும் வைத்துக்கொள்கிறேன். கேட்பவருக்குக் காட்ட எமது கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

இது விடயத்தில் எமது சகோதர வியாபாரிகளுக்கு நான் சொல்ல விரும்புபவை இவைதான்.

ஒன்று, ஆசாரியிடம் கத்திக்கு மட்டும் விலை பேசாதீர்கள். பதத்துக்கு வேறாக விலை கேட்டு, அதைக் குறைக்காமல் கொடுங்கள். அவருக்கு உரிய நாளையும் கொடுங்கள். நான் இப்போது கரி வாங்க முற்பணம் கொடுக்கிறேன்.

இரண்டு, வந்த சரக்கில் பத்துக்கு ஒன்றைச் சோதியுங்கள். அரத்தை வாயில் உரசினால் நன்றாகக் கடிக்கவும் கூடாது, கண்ணாடியில் போல வழுக்கவும் கூடாது. சற்றே பிடிக்க வேண்டும். பிறகு காய்ந்த மரக்கட்டையில் இருபது வெட்டு பலமாக வெட்டிப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வாய் பெயர்ந்தாலோ மடிந்தாலோ முழுச் சரக்கையும் திருப்பிப் பதம் போட அனுப்புங்கள்.

மூன்று, கடைக் கிரைண்டரை அடக்குங்கள். நீலம் கண்ட கத்தியை விற்காதீர்கள்.

நான்கு, குறையைத் தெரிந்துகொண்டு மறைக்காதீர்கள். "இது புல்லுக்குச் சரி, கட்டைக்குச் சரிவராது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த வார்த்தையால் ஒரு விற்பனை போகலாம். வாடிக்கையாளர் போகமாட்டார்.

ஐந்து, ஆசாரியின் அடையாளத்தைக் கத்தியில் குத்தச் சொல்லுங்கள். எமது ஆசாரியார் பிடிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி குத்துகிறார். இப்போது "மூணு புள்ளிக் கத்தி" கேட்டே ஆட்கள் வருகிறார்கள். விலை கூட என்று பேரம் பேசுபவர்கள் இல்லாமலில்லை. காரணத்தைச் சொன்னால் பத்தில் ஏழு பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆசாரியாரின் மகனுக்கு வயது இருபத்துநான்கு. வெளிநாடு போக பாஸ்போட் எடுத்து வைத்திருந்தான். 2022இல் அவனைக் கம்மாலையை விட்டு விரட்டியதில் எனது விலைப் பேச்சுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். இன்றுவரை அவன் போகவில்லை. போகமாட்டான் என்று உறுதியாகச் சொல்லவும் என்னால் முடியாது. அவனும் போய்விட்டால் எமது பகுதியில் நிறம் பார்த்துப் பதம் இறக்கத் தெரிந்த கை இன்னொன்று இல்லை. பிறகு நாம் கொள்கலனில் வருவதைத்தான் விற்க வேண்டியிருக்கும், அவர்கள் சொல்லும் விலைக்கு.

போன மாரிக்கு முன்னர் அந்தச் சேனைக்காரர் மீண்டும் கடைக்கு வந்தார். ஆணி வாங்கத்தான் வந்தார். நான் ஒரு மூன்று புள்ளிக் கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்து, வாசலில் கிடந்த பாலைக் கட்டையையும் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போய் பத்துப் பதினைந்து வெட்டு வெட்டினார். வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு காக்கா?" என்றார்.

சும்மா கொண்டு போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சரியான விலையைச் சொன்னேன். அவரும் ஒரு ரூபாகூடக் குறைக்கச் சொல்லாமல் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.